பட்டறைக்குள் ஓர் ஏற்றம்: காரைக்குடியில் டைனோ வாங்குமுன் ஓர் ஒப்பீடு

சென்ற சித்திரையில் எங்கள் பட்டறைக்கு ஒரு சமையல் கான்ட்ராக்டரின் டீசல் வேன் வந்தது. அண்டா, குண்டான், அடுப்பு, ஆட்கள் எட்டுப் பேர் என்று ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் வரை கல்யாண வேலைக்குப் போகும் வண்டி அது. "தரையில ஒண்ணும் தெரியலண்ணே, மலை ஏறுனா பத்தாவது நிமிஷம் மூச்சு முட்டுது" என்றார் டிரைவர். தேவகோட்டை சாலையில் ஓட்டிப் பார்த்தோம்; எண்பதில் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஸ்கேனரிலும் பிழைக் குறியீடு எதுவும் இல்லை. மலைச்சாலைக்கே இரண்டு முறை கொண்டுபோன பிறகுதான் காரணம் அகப்பட்டது. இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்புக்கு ஒரு விரற்கடை தள்ளி, நகக்கீறல் போல ஒரு வெடிப்பு இருந்தது. குளிர்ந்திருக்கும்போது அது ஒட்டிக்கொண்டிருக்கும். தொடர்ந்து அழுத்தம் ஏறிச் சூடாகும்போது மட்டும் வாய் திறக்கும். ஹோஸ் மாற்ற அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. அதைக் கண்டுபிடிக்கச் செலவான டீசலும் இரண்டு நாள் வேலையும் எங்கள் தலையில் விழுந்தன.

வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அதன் திறனை அளக்கும் கருவிதான் டைனோ. அதை வாங்கலாமா என்ற பேச்சு அந்த வேனோடுதான் தொடங்கியது. நான்கு ஆட்களும் இரண்டு ராம்ப்பும் உள்ள பட்டறை எங்களுடையது. பொலிரோ, இன்னோவா, ஸ்விஃப்ட், டாடா ஏஸ், புல்லட், இன்னும் உயிரோடு இருக்கும் சில ஆர்எக்ஸ் 100 ஆகியவைதாம் அன்றாடம் வருபவை. இயந்திரத்தின் திறனைக் கூட்டித் தரும் ட்யூனிங் வேலை எங்களுக்கு இல்லை. அதை நம்பி இதில் இறங்கவும் எனக்கு விருப்பமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி செய்யும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. பந்தய வண்டிகள் திரளும் கோயம்புத்தூரில் அந்தத் தொழில் தாங்கலாம். இங்கே டைனோ சம்பாதிக்க வேண்டுமானால் நோயறியும் கருவியாகத்தான் சம்பாதிக்க வேண்டும். எந்த வகையை வாங்குவது என்ற ஒப்பீட்டை நான் இந்தக் கண்ணோட்டத்திலிருந்துதான் செய்கிறேன். பந்தய ஓட்டுநர் ஒருவர் இதே பட்டியலை வேறு வரிசையில் அடுக்குவார்.

விலையில் முதலில் எட்டுவது நிலைம வகை டைனோ. கனமான ஓர் இரும்பு உருளை, அதன் வேகத்தை அளக்கும் ஒரு சென்சார், ஒரு கணினி, இவ்வளவுதான். உருளையின் நிலைமத் திருப்புத்திறன் முன்கூட்டியே தெரியும். வண்டி அதை எவ்வளவு விரைவாக முடுக்குகிறது என்பதிலிருந்து திறன் கணக்கிடப்படுகிறது. ஒரு புல்லட்டைக் கொண்டு இதைப் பார்க்கலாம். உருளையின் பரப்பில் உணரப்படும் நிலைமம் 200 கிலோ எடைக்குச் சமம் என்று கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டருக்கு அதைச் சுழற்றி ஏற்ற ஏறத்தாழ 64,800 ஜூல் ஆற்றல் வேண்டும். வண்டி அதை 5 நொடியில் செய்தால் சக்கரத்தில் கிடைத்த சராசரித் திறன் 13 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. குதிரைத்திறனில் சொன்னால் பதினேழரை. நிறுவனத்தின் கையேட்டில் 20.2 என்று அச்சிட்டிருப்பதைக் காட்டிச் சண்டைக்கு வரும் வாடிக்கையாளருக்கு, அது இயந்திரத்தின் தண்டில் அளந்தது, இது கியர், செயின், டயர் எல்லாம் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சியது, போதாக்குறைக்கு இது உச்சத் திறனும் அன்று, ஓட்டம் முழுவதன் சராசரி என்று விளக்கிச் சொல்லும் பொறுமை நமக்கு வேண்டும்.

இந்த வகையின் பெரிய நற்குணம் அதன் நாணயம். இரும்பு உருளையின் நிலைமம் இன்றும் நாளையும் பத்தாண்டு கழித்தும் மாறாது. தேய்வதற்கு பேரிங்கும் வேக சென்சாரும் தவிர அதில் ஒன்றுமில்லை. கார்புரேட்டர் ஜெட்டை மாற்றிவிட்டு முன்னும் பின்னும் ஒப்பிட இதைவிட நம்பகமான கருவி கிடையாது. ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் பையன்களுக்கு இதுவே போதும்; அவர்கள் காசும் கொடுப்பார்கள்.

ஆனால் அந்த வேனை இதில் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓர் ஓட்டம் பத்து நொடியில் முடிந்துவிடும். ஹோஸ் சூடாகவே நேரமிராது. உருளை இலேசாக இருந்தால், டர்போ அழுத்தம் கட்டி முடிக்கும் முன்பே வேகம் ஏறிவிடுவதால், கீழ்ச் சுழற்சியில் டீசல் வண்டியின் இழுவை உள்ளதைவிடக் குறைவாகக்கூடப் பதிவாகும். உற்றுப் பார்த்தால், நிலைம டைனோவில் நிற்கும் வண்டி சமதரையில் முடுக்கம் பிடிக்கும் வண்டியேதான். சாலையில் வண்டி தன் எடையைத் தானே முடுக்குகிறது. இங்கே அந்த எடைக்குப் பதிலாக உருளை சுற்றுகிறது. காரைக்குடியில் எங்களுக்குச் சமதரைக்குப் பஞ்சமில்லை. புதுவயல் பக்கம் போனாலும் திருப்பத்தூர்ப் பக்கம் போனாலும் தட்டையாகத்தான் கிடக்கிறது. நாங்கள் விலை கொடுத்து வாங்க வேண்டியது ஊரில் இல்லாத ஏற்றத்தை.

அதைத் தருவது தடுப்பு வகை. உருளையோடு ஒரு பிரேக்கையும் இணைத்து, வண்டி எவ்வளவு மிதித்தாலும் குறித்த வேகத்தில் பிடித்து நிறுத்தி, அந்தப் பிடிமானத்தின் விசையை லோடு செல் என்ற விசை சென்சாரில் அளப்பது இதன் முறை. பிரேக் தண்ணீரால் இயங்கலாம். வில்லியம் ஃப்ரூட் 1877-இல் வடிவமைத்த முறை அது, கப்பல் இயந்திரங்களுக்கு இன்றும் பொருந்துகிறது. ஊருணித் தண்ணீரை எண்ணி வாழும் ஊரில் அதை நான் எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிட்டேன். சிறு பட்டறைக்கு ஏற்றது சுழல் மின்னோட்ட பிரேக்தான். கம்பிச்சுருள்களில் நேர்மின்னோட்டம் பாயும்போது, அவற்றினிடையே சுழலும் இரும்புத் தட்டில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றிச் சுழற்சியை எதிர்க்கின்றன. சுருளுக்குள் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டினால் எதிர்ப்பும் கூடும். எதுவும் உரசுவதில்லை என்பதால் தேய்மானமும் இல்லை. பெரிய பேருந்துகளில், சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் கார்டன் தண்டில் மாட்டும் மின்காந்த ரிட்டார்டர் என்ற துணை பிரேக்கும் இதே தத்துவம்தான்.

ஏற்றத்தை எண்ணிக்கையாக எழுதிப் பார்த்தால் இதன் பயன் விளங்கும். சுமையோடு இரண்டரை டன் வரும் வேன், 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் மலைச்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது என்று கொள்வோம். புவியீர்ப்புக்கு எதிராக மட்டும் அது 16 கிலோவாட்டுக்குச் சற்று மேல் செலவிட வேண்டும். பிரேக்கை அந்த அளவுக்கு அமைத்து, வேகத்தை 40-இல் பூட்டி, கால் மணி நேரம் ஓடவிட்டால் கொடைக்கானல் சாலை எங்கள் தகரக் கொட்டகைக்குள் வந்துவிடும். பானட் திறந்திருக்கும், ஒருவர் டார்ச்சோடு பக்கத்தில் நிற்கலாம், ஹோஸ் சீறுவது காதில் விழும். கிளட்ச் நழுவல், அடைபட்ட டீசல் ஃபில்டர், சூட்டில் மட்டும் தடுமாறும் இன்ஜெக்டர், பாதி அடைத்த ரேடியேட்டர் ஆகியவை எல்லாம் தொடர்சுமையில்தான் தங்கள் குணத்தைக் காட்டும்.

இதற்கு விலை உண்டு. நான் சொல்வது பணத்தை மட்டும் அன்று. பிரேக் விழுங்கும் திறன் முழுவதும் வெப்பமாகிறது. 60 கிலோவாட் சுமையை ஒரு நிமிடம் பிடித்தால் வெளிப்படும் வெப்பம், 30 டிகிரியில் உள்ள 12 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஆகவே விற்பவர் சொல்லும் உச்சத் திறனை நான் கேட்பதே இல்லை. 40 கிலோவாட்டை எத்தனை நிமிடம் தொடர்ந்து பிடிக்கும் என்றுதான் கேட்கிறேன். அந்தக் கேள்விக்குத் தாளில் எழுதிப் பதில் தருபவர்கள் குறைவு. அடுத்தது மின்சாரம். ஓட்டத்தின் நடுவே ஈபி போனால் சுருளில் மின்னோட்டம் நின்று பிடி சட்டென்று விட்டுப்போகும். முழு மிதியில் இருக்கும் இயந்திரம் எகிறும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் சுருளுக்கும் சேர்த்து, ஓட்டத்தைப் பதறாமல் நிறுத்தும் அளவுக்காவது யுபிஎஸ் இருக்க வேண்டும். அது விலைப்பட்டியலில் சேர்ந்திருக்கிறதா, தனியா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது குறையை நான் குறையாகவே கருதுவதில்லை. லோடு செல்லை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். பிரேக்கின் பக்கவாட்டில் அரை மீட்டர் நீளக் கையை மாட்டி, அதன் நுனியில் முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டால் திரையில் 98 நியூட்டன் மீட்டர் தெரிய வேண்டும். வேறொரு எண் தெரிந்தால் சரிசெய்ய வேண்டும். தராசும் படிக்கல்லும் அறிந்த ஊருக்கு இது பழகிய வேலை. வாடிக்கையாளர் எதிரிலேயே கல்லைத் தொங்கவிட்டுக் காட்டினால், அச்சடித்த சான்றிதழைவிட அவருக்கு அதில்தான் நம்பிக்கை பிறக்கும்.

உருளையின்றி, சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஹப்பிலேயே பூட்டும் வகையும் உண்டு. டயர் நழுவுவதும், டயரின் காற்றழுத்தத்தாலும் வண்டியைப் பிடித்திருக்கும் வாரை இறுக்கிக் கட்டியதாலும் அளவு மாறுவதும் அதில் இல்லை. துல்லியத்தில் அதற்கு முதலிடம் தரலாம். குழி வேண்டாம், வேலை முடிந்ததும் ஓரமாக உருட்டி வைக்கலாம். ஆனால் ஸ்விஃப்ட்டுக்கு நான்கு போல்ட், இன்னோவாவுக்கு ஐந்து போல்ட் என்று வண்டிக்கு வண்டி அடாப்டர் வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் சக்கரம் கழற்றி மாட்ட வேண்டும். புல்லட்டை அதில் பூட்டவே முடியாது. ஒரே வண்டியை நாள் முழுக்க வைத்து ட்யூன் செய்பவருக்கு உரிய கருவி அது. காலையில் ஏஸ், பிறகு இன்னோவா, மாலையில் புல்லட் என்று வேலை பார்க்கும் பட்டறைக்கு அது ஒத்துவராது.

பழைய இயந்திரம் வாங்கலாம் என்று எங்களுள் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் வாங்கப் பழகிய கண்ணுக்குத் தேக்கைத் தட்டிப் பார்த்தே வயது சொல்லத் தெரியும். அந்தத் துணிச்சலோடு ஒரு பெருநகரப் பட்டறையில் மூடிக்கிடந்த டைனோவைப் பார்க்கப் போனோம். உருளைகள் நன்றாக இருந்தன. கையால் சுற்றிவிட்டால் ஓசையின்றி நெடுநேரம் சுற்றின. கணினியைத் திறந்தபோது மென்பொருள் டாங்கிள் கேட்டது; கணினியில் செருகும் உரிமச் சாவி அது. டாங்கிள் எங்கே போயிற்று என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. உருளையின் நிலைம மதிப்பு எழுதிய தகடும் பெயிண்டுக்கடியில் மறைந்திருந்தது. இவை இல்லாவிட்டால் அது கிலோ விலைக்குப் போகவேண்டிய இரும்புதான். பழையதைத் தள்ளவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் எதிரில், நம் வண்டியை ஏற்றி, முழு ஓட்டம் ஓட்டி, தாளில் வரைபடம் அச்சிட்டுத் தந்தால் மட்டும் பேரத்தில் உட்காரலாம்.

ஒன்றும் வாங்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். அதை இகழ்ச்சியாகக் கருதக் கூடாது. வண்டியின் கணினியோடு பேசும் ஓபிடி இணைப்பில் பதிவுக் கருவியை மாட்டி, காற்றளவு, டர்போ அழுத்தம், எரிபொருள் அழுத்தம் மூன்றையும் சாலையில் பதிவு செய்தால் பாதி நோய்கள் தெரிந்துவிடும். செலவு சில ஆயிரங்களில் முடியும். எங்கள் வேனிலும் டர்போ அழுத்தத்தை மலையில் பதிவு செய்திருந்தால் ஒரே பயணத்தில் கண்டுபிடித்திருப்போம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பயணம் போய்த்தான் ஆக வேண்டும். மேலும் ஓட்டுபவர் கண் சாலையில் இருக்க வேண்டுமே தவிர லேப்டாப்பில் இருக்கக் கூடாது.

இடத்தைப் பற்றி விற்பனையாளர்கள் அதிகம் பேசுவதில்லை. எங்கள் ஊரில் அதுதான் பாதிச் செலவு. குழியில் இறக்கிய டைனோவில் வண்டி ஏறுவது எளிது, பார்க்கவும் அழகு. செம்புறாங்கல் தரையைத் தோண்டுவது கடப்பாரைக்கும் கைக்கும் சோதனை. தோண்டி முடித்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் குழி தெப்பக்குளம் ஆகும். லோடு செல், வயர் எல்லாம் கிடக்கும் குழிக்குள் தண்ணீர் நிற்பதை எந்த உத்தரவாதமும் ஏற்காது. அதனால் தரைக்கு மேலே வைத்து இருபுறமும் சாய்தளம் போடும் அமைப்பையே நான் விரும்புகிறேன். உயரம் கூடுவதால் வாரைக் கட்டும் கொக்கிகளைத் தரையில் கான்கிரீட்டோடு ஆழப் புதைக்க வேண்டும். ஓடும் வண்டி வாரை அறுத்துக்கொண்டு முன்னால் பாய்ந்தால் என்ன நடக்கும் என்று ஒரு முறை கற்பனை செய்தவர் இதில் சிக்கனம் பார்க்க மாட்டார்.

காற்றும் அப்படியே. சாலையில் ரேடியேட்டருக்குக் கிடைக்கும் காற்று பட்டறைக்குள் கிடைக்காது. கல்யாண மண்டப மின்விசிறியை எதிரே வைத்துச் சமாளிக்கலாம் என்று எண்ணுவது வண்டிக்காரருக்குச் செய்யும் துரோகம். புகையைக் குழாய் வைத்து வெளியேற்றாவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளையே சாய்த்துவிடும். இதோடு எங்கள் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெவ்வேறு வானிலையில் எடுத்த அளவுகளை ஒரே நிலைக்குக் கொண்டுவரும் எஸ்ஏஇ ஜே1349 என்ற திருத்த முறை 25 டிகிரி வெப்பத்தையும் 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தத்தையும் அடிப்படையாகக் கொண்டது. 40 டிகிரி வெயிலில் டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிக்கு அது வெப்பத்துக்காக மட்டும் ஏறத்தாழ 3 விழுக்காட்டைக் கூட்டிக் காட்டும். அதே திருத்தத்தை டர்போ டீசலுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் இல்லாத திறனை எழுதிக்கொடுத்தது போலாகும். திருத்தத்தை அணைக்கும் வசதி மென்பொருளில் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒப்பிடும் இரு ஓட்டங்களையும் ஒரே நாளில், வெயில் ஏறுமுன், ஒரே டயர் அழுத்தத்தில் செய்வது எல்லாத் திருத்தங்களையும்விட மேலானது.

இன்னும் சில சிறிய கேள்விகள் உண்டு. டீசலில் ஸ்பார்க் பிளக் இல்லாததால் சுழற்சி வேகத்தை ஓபிடி வழியாகவோ, பழைய வண்டியானால் கிராங்க் புல்லியில் ஒட்டிய பளபளப்பு நாடாவை ஒளி சென்சாரால் பார்த்தோ எடுக்க வேண்டும். இரண்டு வழியும் இருக்கிறதா? ஏஸின் ஒடுங்கிய சக்கர இடைவெளியும் இன்னோவாவின் அகன்ற இடைவெளியும் ஒரே உருளையில் அடங்குமா? இரட்டைச் சிறு உருளைகளின் இடுக்கில் டயர் அமர்ந்து சூடேறுவதைவிட, ஒற்றைப் பெரிய உருளை எனக்கு உகந்தது. நான்கு சக்கர டைனோ எங்களுக்கு வேண்டாம். வருகிற மஹிந்திரா தார் வண்டிகளையும் இரு சக்கர இயக்கத்திற்கு மாற்றிச் சோதிக்கலாம்.

இனிப் பணம். என் பாட்டனார் ரங்கூன் கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். முதல் போடுமுன் வட்டியை எழுது என்பது எங்கள் வீட்டுப் பாடம். இங்கே வரும் தொகைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, யாருடைய விலைப்பட்டியலும் அல்ல. இருசக்கர நிலைம டைனோ 6 லட்சம், ஓர் அச்சின் இரு சக்கரங்களை மட்டும் ஏற்றும் தடுப்பு டைனோ அடித்தளம், விசிறி, மின்இணைப்பு எல்லாம் சேர்த்து 20 லட்சம் என்று கொள்வோம். 11 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடன் என்றால் முன்னதற்கு மாதத் தவணை 13,000 ரூபாயை ஒட்டியும், பின்னதற்கு 43,500 ரூபாயை ஒட்டியும் வரும். பைக்குக்கு 700 ரூபாய் வாங்கினால் மாதம் 19 பைக். காருக்கு 1,500 வாங்கினால் 29 கார். இது தவணைக்கு மட்டும். ஆள் கூலி, கரண்ட் பில் தனி.

தனியாகச் சோதனைக் கட்டணம் கொடுத்து மாதம் 29 பேர் காரைக்குடியில் வரமாட்டார்கள். எங்கள் பேரேட்டைப் புரட்டி, சென்ற ஆண்டில் இழுவை இல்லை, புகை, சூடாகிறது, மைலேஜ் இல்லை என்ற நான்கு புகார்களோடு வந்த வண்டிகளை எண்ணினேன். மாதத்திற்குச் சராசரி பதினான்கு. அவை ஒவ்வொன்றிலும் ஊகத்தில் பாகம் மாற்றாமல் அரை நாள் மிச்சப்பட்டால், அந்த மிச்சமும் வரவுதான். அதையும் சேர்த்தால்கூடத் தடுப்பு டைனோ மயிரிழையில் தப்புகிறது. மதுரையிலும் திருச்சியிலும் போய் நிற்பதற்குப் பதிலாகத் தேவகோட்டை, புதுக்கோட்டைப் பட்டறைகள் தங்கள் சிக்கலான வண்டிகளை எங்களிடம் அனுப்பினால்தான் நிமிர முடியும்.

ஆகவே என் முடிவு இரண்டு நிபந்தனைகளோடு வருகிறது. வாங்கினால், ஓர் அச்சு, ஒற்றை உருளை, சுழல் மின்னோட்ட பிரேக், தரைமேல் அமைப்பு; நிலைம டைனோவை மலிவு என்பதற்காக வாங்கப் போவதில்லை. முதல் நிபந்தனை, அண்டைப் பட்டறைக்காரர்கள் ஐந்து பேராவது, மாதம் இத்தனை வண்டி அனுப்புவோம் என்று வாய்ச்சொல்லாகவாவது தர வேண்டும். மூன்று பேர் தந்திருக்கிறார்கள், இன்னும் இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது, முன்பணம் கொடுக்குமுன் அந்த வேனையே விற்பனையாளர் இடத்துக்கு ஓட்டிச்செல்வோம். பழைய ஹோஸை நான் குப்பையில் போடவில்லை; பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அதை மறுபடி மாட்டி, 40 கிலோமீட்டர் வேகத்தில் பூட்டி, கால் மணி நேரம் பிடிக்கச் சொல்வோம். வெடிப்பு வாய் திறக்கும்வரை இயந்திரம் பிடித்து நின்றால் காசோலை எழுதலாம்.